பூச்சாண்டி பயம்

ஆதார வேதபகுதி: எபிரெயர் 2:14,15
கூடவே வாசிக்க: தானியேல் 1-ம் அதிகாரம், லூக்கா 24:36-43



அக்டோபர் மாதம் பாதி தாண்டிவிட்டால், பாலர் வகுப்புப் பிள்ளைகளின் தாய்மார்கள் என்னிடம் போனை நீட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். பிளே ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பில் வந்த அறிவிப்புதான். 31-ந் தேதி ஹாலோவீன் கொண்டாட்டம், பிள்ளைகளைக் கறுப்பு அல்லது ஆரஞ்சு நிற உடையில் அனுப்பவும், பேய், சூனியக்காரி, எலும்புக்கூடு வேஷம் போட்டு வந்தால் பரிசு உண்டு. "சிஸ்டர், அனுப்பலாமா கூடாதா, ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்று கேட்கிறார்கள்.

ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். வேஷம் வேண்டாம். ஆனால் அந்த வார்த்தையோடு விஷயம் முடிந்துவிடுகிறதா? வேஷம் போடாமல் வீட்டில் உட்காரவைத்த பிள்ளைக்கு ராத்திரி இருட்டைக் கண்டால் நடுக்கம் என்றால், நாம் எதை ஜெயித்தோம்? இந்த மாதப் பாடத்தில் அதைத்தான் உங்களோடு சேர்ந்து வேதத்தை வைத்து யோசிக்க விரும்புகிறேன்.

திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டைக்கும் நடுவில் இருக்கிற நம்முடைய வேப்பம்பட்டில், நம் வயசுக்காரர்கள் பிள்ளைகளாக இருந்தபோது இந்தப் பெயரையே கேள்விப்பட்டதில்லை. அக்டோபர் 31 என்றால் நமக்கு ஞாபகம் வருவது 1984-ம் வருஷம் இந்திரா காந்தி அம்மையார் சுடப்பட்ட நாள். இப்போது டிவி கார்ட்டூனிலும் செல்போன் வீடியோவிலும் பிள்ளைகள் இதைப் பார்த்துவிடுகிறார்கள். பெரிய மால்களில் வைக்கிறார்கள், பிளாட்டுகளில் வைக்கிறார்கள், பிறகு நம்ம தெருமுனை நர்சரிக்கும் வந்துவிடுகிறது.

இது எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. அயர்லாந்து, ஸ்காட்லாந்து தேசத்து ஜனங்கள் பூர்வகாலத்தில் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் அந்த இரவில் மரித்தவர்களும் ஆவிகளும் வெளியே நடமாடும் என்று நம்பினார்கள். நவம்பர் 1-ந் தேதியைச் சகல பரிசுத்தவான்களின் திருநாளாக ஆசரிக்கும் வழக்கம் 9-ம் நூற்றாண்டில் மேற்கத்திய சபைகளில் நிலைபெற்றது. அதற்கு முந்தின மாலை என்ற அர்த்தத்தில் உண்டான பெயர்தான் ஹாலோவீன். பெயர் பரிசுத்தவான்களுடையது, பழக்கங்கள் பழைய பயத்தினுடையது. 1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தபோது லட்சக்கணக்கான ஜனங்கள் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். அவர்களோடு இந்தப் பழக்கங்களும் போய் அங்கே வேர்பிடித்தன. ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்து பயங்கரமான முகம் செதுக்கி விளக்கு வைத்தவர்கள், அமெரிக்காவில் அதைவிடப் பெரிதாகக் கிடைத்த பறங்கிக்காயில் செதுக்கினார்கள்.

இந்தப் பறங்கிக்காயைப் பார்த்து நாம் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடந்து வாருங்கள். கட்டிக்கொண்டிருக்கிற வீடுகளின் முன்னால் மீசையும் கோரைப்பல்லும் வரைந்த பூசணிக்காய் தொங்குகிறது. திருஷ்டிக்கு என்கிறார்கள். தேசம் வேறு, காய் வேறு, பயம் ஒன்றுதான். விசுவாசிகளின் வீட்டிலேயே சில பாட்டிமார் இன்னும் குழந்தையின் கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைக்கிறதை நான் பார்க்கிறேன். "கண்ணு பட்டுடும்மா" என்கிறார்கள். ஹாலோவீனுக்கு விரோதமாகப் பேசுகிற வாய் இதைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டாமா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த நாள் பிசாசின் பிறந்தநாள் என்று சிலர் பிள்ளைகளிடம் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதற்கு வேதத்திலும் ஆதாரம் இல்லை, சரித்திரத்திலும் இல்லை. சத்தியத்தை உடையவர்கள் நாம். பிள்ளையைக் காப்பாற்றுவதற்காகக்கூட இல்லாததைச் சொல்லக் கூடாது. வளர்ந்து கல்லூரிக்குப் போய் அது பொய் என்று கண்டுபிடித்தால், நாம் சொன்ன மெய்யையும் சேர்த்தல்லவா சந்தேகப்படுவான்?

எங்கள் வகுப்பில் ஐந்து வயசுப் பையன் ஒருவன். அப்பா அம்மா இரண்டு பேரும் காலையில் மின்சார ரயிலைப் பிடித்து வேலைக்குப் போகிறவர்கள். ஆயாதான் அவனை வளர்த்தார்கள். சோறு ஊட்டுவதும் தூங்கவைப்பதும் ஜெபம் சொல்லிக்கொடுப்பதும் ஆயாதான். ஒரு வருஷம் ஆகஸ்ட் மாதம் அந்தத் தாயார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். அக்டோபர் கடைசியில் அவன் படிக்கிற இடத்தில் வெள்ளைத் துணி போர்த்திய பொம்மைகளை வாசலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அவனுக்கு வீட்டில் வேஷம் போடவில்லை. ஆனாலும் பார்த்துவிட்டான். செத்துப்போனவங்கதான் பேயா வருவாங்க என்று கூடப் படிக்கிற பிள்ளை சொல்லிவிட்டது. அன்று ராத்திரியிலிருந்து பாத்ரூமுக்குத் தனியாகப் போகமாட்டேன் என்று ஒரே அழுகை. ஏன் என்று அம்மாவிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து எல்லாரும் போனபிறகு என் புடவையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "ஆன்ட்டி, ஆயாவுக்கும் வெள்ளைத் துணிதானே போத்துனாங்க? ஆயா பேயா வருவாங்களா?"

பிரியமானவர்களே, "சும்மா ஒரு ஜாலிதானே சிஸ்டர்" என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இந்தப் பிள்ளையைத்தான். பெரியவர்களுக்கு அது பொம்மை. ஆயாவை அடக்கம்பண்ணி இரண்டு மாதமான பிள்ளைக்கு அது பொம்மை அல்ல.

அவனை மடியில் உட்காரவைத்து லூக்கா 24-ம் அதிகாரத்தைக் கதையாகச் சொன்னேன். உயிர்த்தெழுந்த இயேசு சீஷர்கள் நடுவில் வந்து நின்றபோது, அவர்களும் இவனைப்போலத்தான் பயந்தார்கள். ஏதோ ஆவியைப் பார்க்கிறோம் என்று நடுங்கினார்கள். பெரிய பெரிய மீன்பிடிக்காரர்கள்! ஆண்டவர் அவர்களைத் திட்டவில்லை. கையையும் காலையும் காட்டி, தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஆவிக்கு மாம்சமும் எலும்பும் கிடையாதே என்றார். அப்புறமும் அவர்களுக்கு நம்பமுடியாமல் இருந்தபோது, சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். பொரித்த மீன் கொடுத்தார்கள். அவர்கள் கண்முன்னாலே சாப்பிட்டார்.

"என்ன மீன் ஆன்ட்டி?"

"தெரியலடா கண்ணு."

"சங்கராவா இருக்கும். ஆயா அதான் பொரிப்பாங்க."

இருக்கட்டும் என்றேன். ஆயா இப்போது எங்கே என்று கேட்டான். இயேசப்பாவோடு இருக்கிறார்கள், அவரை விட்டுவிட்டு உன்னைப் பயமுறுத்த வரவேமாட்டார்கள் என்றேன். அன்றைக்கே பயம் போய்விட்டது என்று சாட்சி எழுத எனக்கும் ஆசைதான். போகவில்லை. இரண்டு மூன்று வாரம் ராத்திரி விளக்கை அணைக்காமல் வைத்து, அவன் அம்மா கூடவே எழுந்து பாத்ரூம் வாசலில் நின்று, அந்த மீன் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. வேலைக்குப் போய் அலுத்து வந்த தாய் நடுராத்திரியில் அப்படி நிற்பதும் ஊழியம்தான்.

இப்போது ஆதார வேதபகுதிக்கு வாருங்கள். பிள்ளைகள் மாம்சமும் இரத்தமும் உடையவர்களாயிருக்க, அவரும் அப்படியே ஆனார் என்று எபிரெயர் 2:14 ஆரம்பிக்கிறது. எதற்காக? மரணத்தின் அதிகாரம் வைத்திருந்த பிசாசைத் தம்முடைய மரணத்தினாலே அழிப்பதற்கும், மரண பயத்தினாலே ஆயுசெல்லாம் அடிமைகளாக இருந்தவர்களை விடுவிப்பதற்கும். நன்றாகக் கவனியுங்கள். பிசாசு ஜனங்களை அடிமையாக வைத்திருந்த சங்கிலியின் பெயர் பயம். அந்தச் சங்கிலியை அறுக்கத்தான் ஆண்டவர் சிலுவைக்குப் போனார். அப்படியானால் நம் வீட்டில் யார் அந்தச் சங்கிலியைத் திரும்ப எடுத்துப் பிள்ளையின் கழுத்தில் மாட்டுகிறது?

சோறு ஊட்டும் நேரத்தில் எந்தத் தெருவிலாவது நின்று கேளுங்கள். "சாப்புடலன்னா பூச்சாண்டிகிட்ட புடிச்சிக் குடுத்துடுவேன்." "தூங்கு, மூணு கண்ணன் வரான்." "அந்தப் பக்கம் போகாத, புள்ள புடிக்கிறவன் நிக்கிறான்." விபூதி பூசிய ஆண்டியைக் காட்டிப் பயமுறுத்தியதுதான் பூச்சாண்டி ஆயிற்று என்று பெரியவர்கள் சொல்வார்கள். குடுகுடுப்பைக்காரரையும் நரிக்குறவ ஜனங்களையும் காட்டிப் பயமுறுத்துகிற வீடுகள் இன்னமும் இருக்கின்றன. ஏழை மனுஷனைக் கண்டால் அலறி ஓடும்படி பிள்ளையைப் பழக்கிவிட்டு, பிறனை நேசி என்று ஞாயிறு பள்ளியில் நாங்கள் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

இதையும் தாண்டி ஒன்று இருக்கிறது. நம் ஊரில் சாமி கண்ணைக் குத்தும் என்று சொல்லிப் பிள்ளைகளை மிரட்டுவது பழைய வழக்கம். இரட்சிக்கப்பட்ட பிறகு அந்த வாக்கியத்தை விட்டோமா? இல்லையே. "பொய் சொன்னியா? இயேசப்பா கண்ணக் குத்துவாரு!" குருடருடைய கண்களைத் திறந்தவர் அவர். பிள்ளைகளை அணைத்துக்கொண்டு, அவர்கள்மேல் கையை வைத்து ஆசீர்வதித்தார் என்று மாற்கு 10:16-ல் வாசிக்கிறோம். அவரையே ஒரு பூச்சாண்டி ஆக்கி வைத்துவிட்டால், ராத்திரி பயப்படும் பிள்ளை யாரைக் கூப்பிடும்? வருஷத்துக்கு ஒரு நாள் வரும் ஹாலோவீனைவிட, தினம் மூன்று வேளை சாப்பாட்டோடு ஊட்டப்படுகிற இந்தப் பயம் பெரிய காரியம் என்பது என்னுடைய எண்ணம். தேவன் நமக்குக் கொடுத்திருப்பது பயமுள்ள ஆவி அல்லவே (2 தீமோத்தேயு 1:7).

சபையாக நாமும் யோசிக்க வேண்டிய ஒரு காரியம் உண்டு. உபவாச ஜெபத்தில் பிசாசின் பிடியில் இருக்கிறவர்களுக்காக ஜெபிக்கும்போது, முன்வரிசையில் மூன்று நான்கு வயசுப் பிள்ளைகள் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்க்கிறார்கள். அலறலும் தலைவிரி கோலமும் அவர்கள் மனசில் பதிகிறது. பிறகு நடக்கும் விடுதலை பதிகிறதில்லை, ஏனென்றால் அதற்குள் அவர்கள் அழ ஆரம்பித்து, யாராவது வெளியே தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்! அந்த நேரத்தில் சிறு பிள்ளைகளைப் பின் அறைக்கு அழைத்துப்போய்ப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க இரண்டு சகோதரிகள் முன்வந்தால் போதும். விடுதலை ஊழியம் குறைந்துபோகாது.

பள்ளிக்கூட விஷயத்துக்கு வருகிறேன். எப்படி மறுப்பது? தானியேல் 1-ம் அதிகாரத்தை வாசியுங்கள். பாபிலோனில் அவனுக்குப் புதுப் பெயர் வைத்தார்கள்; பெல்தெஷாத்சார். சண்டை போடவில்லை. கல்தேயருடைய எழுத்தையும் பாஷையையும் படிக்கச் சொன்னார்கள். படித்தான், முதல் ஆளாகவே வந்தான். ராஜாவின் போஜனம் என்று வந்தபோதுதான் தன்னைத் தீட்டுப்படுத்தக் கூடாது என்று தீர்மானித்தான். அப்போதும் மேஜையைக் கவிழ்க்கவில்லை. அதிகாரியிடம் வேண்டிக்கொண்டான். அந்த அதிகாரிக்கு இருந்த கஷ்டத்தைப் புரிந்துகொண்டு, மேல்ஷாரிடம் பத்து நாள் பருப்பும் தண்ணீரும் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள் என்று ஒரு வழியும் சொன்னான்.

ஆகையால் டீச்சரிடம் போய்ப் பிசாசு, நரகம் என்று சத்தம்போட வேண்டாம். அவர்களும் மேலிடத்தில் சொன்னதைச் செய்கிறவர்கள். முன்கூட்டியே, கூட்டம் இல்லாத நேரத்தில் போய், "எங்க வீட்ல பேய் வேஷம் போடுறதில்ல மேடம். ஆரஞ்சு டிரஸ்ல அனுப்புறேன், பறங்கிக்காய் படம் கலர் பண்ணட்டும், டான்ஸுக்கும் வேஷத்துக்கும் மட்டும் விட்டுடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். அநேகமாகச் சரி என்பார்கள். விவசாயி, தீயணைப்பு வீரர், நர்ஸ் வேஷம் போடலாமா என்று கேட்ட தாயும் உண்டு, நல்ல யோசனை. ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அன்று ஒரு நாள் லீவு போடுங்கள், ஆனால் பிள்ளையிடம் காரணம் சொல்லிவிட்டுப் போடுங்கள். சொல்லாமல் போட்டால், தான் என்ன தப்புச் செய்தோம் என்று அது நினைத்துக்கொண்டிருக்கும்.

"நம்ம கிறிஸ்துமஸ் நாடகத்துல பசங்க பிசாசு வேஷம் போடுறாங்களே, அது மட்டும் பரவாயில்லையா?" என்று ஒரு வாலிபத் தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. நாடகத்தில் பிசாசு தோற்று ஓடுகிறான். பிள்ளைகள் அதைப் பார்த்துக் கைதட்டுகிறார்கள். செத்தவர்களிடம் குறிகேட்பதையும் சூனியத்தையும் கர்த்தர் உபாகமம் 18:10-12-ல் அருவருப்பு என்று தள்ளியிருக்க, அவைகளை அழகாக்கிப் பரிசு கொடுப்பது வேறு. சவுல் ராஜா வேஷம் மாறிப் போனது எங்கே? எந்தோரில் இருந்த அஞ்சனம் பார்க்கிறவளிடத்திற்கு (1 சாமுவேல் 28:8). ஆனாலும் நம் நாடகங்களில் அந்தப் பிசாசு வேஷத்துக்குக் கொடுக்கிற நேரமும் ஜிகினாவும் கொஞ்சம் அதிகம்தான். அதையும் தம்பி கேட்டதினால் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை பிளாஸ்டிக் பறங்கிக்காய் டப்பாவில் சாக்லேட் கொண்டுவந்து நீட்டினால்? வாங்கிக்கொண்டு தேங்க்ஸ் சொல்லட்டும். சாக்லேட் சாக்லேட்தான். கடைத்தெருவில் விற்கிறதை மனச்சாட்சிக்காக ஒன்றும் விசாரிக்காமல் சாப்பிடலாம் என்று பவுல் 1 கொரிந்தியர் 10:25-ல் எழுதியதை நான் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பிள்ளையை முகம் சுளித்து அனுப்பிவிட்டு, அடுத்த மாதம் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி கிறிஸ்துமஸ் கைப்பிரதி கொடுக்க முடியுமா?

2022-ம் வருஷம் அக்டோபர் 29-ந் தேதி ராத்திரி, தென்கொரியாவில் சியோல் பட்டணத்தில் இத்தேவோன் என்ற இடத்தில் ஹாலோவீனுக்குக் கூடின ஜனங்கள் ஒரு குறுகலான சந்தில் நெருக்குண்டு 159 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இருபது வயசுகளில் இருந்த பிள்ளைகள். அது நியாயத்தீர்ப்பு என்று யாராவது உங்களுக்கு அனுப்பினால், தயவுசெய்து இன்னொருவருக்கு அனுப்பாதிருங்கள். சீலோவாமிலே கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரும் எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகளா என்று ஆண்டவரே கேட்டார், இல்லை என்று அவரே பதிலும் சொன்னார் (லூக்கா 13:4,5). தகப்பன்மார் தாய்மார் அழுகிற இடத்தில் நாமும் அழுதால் போதும்.

அதே அக்டோபர் 31-க்கு இன்னொரு சரித்திரமும் உண்டு, பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல கதை. 1517-ம் வருஷம் அந்த நாளில் ஜெர்மனியில் விட்டன்பர்க் பட்டணத்தில் இருந்த மார்ட்டின் லூத்தர், பாவமன்னிப்புச் சீட்டு விற்பதற்கு விரோதமாக 95 கருத்துகளை எழுதி மயின்ஸ் பேராயருக்குக் கடிதத்தோடு அனுப்பினார். அந்தச் சீட்டு எதற்கு விற்றது? செத்துப்போன அம்மா அப்பா வேதனையில் கிடக்கிறார்கள், காசு கொடுத்தால் வெளியே வருவார்கள் என்று ஜனங்கள் பயந்ததினால் விற்றது. மரித்தவர்களைப் பற்றிய பயம் அங்கே வியாபாரமாகிவிட்டது. அந்த லூத்தரன் சபையிலிருந்துதான் சீகன்பால்க் ஐயர் 1706-ல் தரங்கம்பாடிக்குக் கப்பலில் வந்து இறங்கினார். அவர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-ல் அங்கேயே அச்சாகி முடிந்தது. அன்று மாலை குடும்ப ஜெபத்தில் பிள்ளையின் கையில் தமிழ் வேதத்தைக் கொடுத்து இதைச் சொல்லுங்கள். மீன் பொரித்துச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாலும் சரி.

இரண்டு நாள் கழித்து, நவம்பர் 2-ந் தேதி கல்லறைத் திருநாள். கத்தோலிக்க குடும்பங்களும் வேறு சபைகளைச் சேர்ந்த அநேகரும் கல்லறைகளைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். நம் சபையில் அதை ஆசரிப்பதில்லை. மரித்தவர்களுக்காக ஜெபிப்பதும் இல்லை. ஆனால் நம்மில் பலருடைய சொந்தக்காரர்கள் அங்கே இருப்பார்கள். "அவங்க ஏன்மா அங்க நிக்கிறாங்க?" என்று பிள்ளை கேட்டால், "அவங்க அம்மாவை நெனச்சி நிக்கிறாங்க" என்று சொல்லுங்கள், அதுவும் உண்மைதானே. லாசருவின் கல்லறையண்டை ஆண்டவரும் கண்ணீர்விட்டார். முடிந்தால் வேறொரு நாள் பகல் வெளிச்சத்தில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், ஆயாவின் கல்லறையில் முளைத்த புல்லைப் பிடுங்கவையுங்கள். ஆயா செய்த குழம்பையும் சொல்லிக்கொடுத்த பாட்டையும் பற்றி அங்கேயே உட்கார்ந்து பேசுங்கள். கல்லறை என்றால் பேய் இருக்கும் இடம் என்று வீடியோவில் படிப்பதற்கு முன்னால், அது நம்ம ஆயா உயிர்த்தெழுதலுக்குக் காத்திருக்கும் இடம் என்று அந்தக் கைகளுக்குத் தெரியட்டும்.

அக்டோபர் கடைசி ஞாயிறு பாலர் வகுப்பில் லூக்கா 24-ம் அதிகாரத்தைப் பாடமாக எடுக்கிறோம். பிள்ளைகள் கலர் பென்சில் கொண்டுவரட்டும், மீன் வரைய வேண்டும். ராத்திரி பயப்படுகிற பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், ஆராதனைக்கு முன்னாலேயே என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.